மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் சிறுவர் சமிபாட்டு மருத்துவமும் நிபுணர் பயிற்சி இடைவெளியும்

சிறுவர் சமிபாட்டு மருத்துவம், பிறந்த சிசு முதல் பதின்ம வயதினர் வரையானோரின் உணவுக்குழாய், இரைப்பை, குடல், ஈரல், கணையம் ஆகியவற்றின் நோய்களைக் கவனிக்கும் உபதுறை. ஐரோப்பாவில் இதற்கான சங்கம் 1968இல் தோன்றியது. இலங்கையில் இதில் முறையான பயிற்சி பெற்றவர்கள் இன்றும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்களது சேவை பெரும்பாலும் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையையும் ராகமை, பேராதனை போன்ற இடங்களையும் சுற்றியே அமைந்துள்ளது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு சுமார் 300 கிலோமீற்றர். புகையிரதத்தில் ஓர் இரவுப் பயணம்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடற்பக்கம் எழுவான்கரை, வயற்பக்கம் படுவான்கரை. போதனா வைத்தியசாலை நகரில் உள்ளது. களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தாய்மார் நோயுற்ற பிள்ளையோடு 'பாதை' எனப்படும் மிதவைக்காகத் துறையில் காத்திருந்தனர். இன்று நகருக்கு வருவது எளிது. நகரிலிருந்து மேல்சிகிச்சைக்குக் கொழும்பு செல்வதுதான் கடினம்: இரண்டு பேருக்குப் பயணச் செலவு, தங்க இடம், இழக்கும் நாட்கூலி, வீட்டில் விட்டுச்செல்லும் மற்றப் பிள்ளைகள்.

இடைவெளியின் வேர் பயிற்சி முறையில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மட்டக்களப்பிலேயே மருத்துவர்களை உருவாக்குகிறது. ஆனால் நிபுணராக விரும்புபவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தையே நாட வேண்டும். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. பட்டம், அதன்பின் சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், அதில் ஒரு பகுதி வெளிநாட்டு வைத்தியசாலையில் என்று அந்த வழி நீள்கிறது. உபதுறையில் கைதேர்ந்தவருக்கு வேண்டிய கருவி, மயக்கமருந்து நிபுணர், நோயியல் ஆய்வுகூடம், பயிற்சி பெற்ற தாதியர் எல்லாம் பெரிய மையங்களில்தான் ஒருங்கே கிடைக்கின்றன. ஆகவே அவர் அங்கேயே நிலைகொள்கிறார். வெளிமாவட்டத்துக்கு வரும் நிபுணர்களிலும் பலர் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுச் செல்கின்றனர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருத்துவர்கள் நாட்டைவிட்டே வெளியேறியது இதை இன்னும் மோசமாக்கியது.

இந்த இடைவெளியின் விலை என்ன என்பதைப் பித்தநாள அடைப்பு நோய் தெளிவாகக் காட்டும். சிசுவின் ஈரலிலிருந்து பித்தம் வெளியேறும் குழாய்கள் அடைபட்டுப்போகும் அரிய நோய் இது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த சத்திரசிகிச்சையைப் பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம்; தாமதித்தால் ஈரல் கெட்டு, மாற்று ஈரலே வழி என்றாகிவிடும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காணுவது சாதாரணம். தாய்ப்பாலால் வரும் மஞ்சளும் உண்டு, அதனால் ஆபத்தில்லை. ஆகவே "இளவெயிலில் காட்டுங்கள், போய்விடும்" என்ற சொல் வீட்டிலும் கிளினிக்கிலும் எளிதாக வந்துவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி மலத்தின் நிறம். அது களிமண் போல வெளிறியிருந்தால், சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால், இரத்தத்தில் நேரடி பிலிருபின் (பித்த நிறமி) அளவை அன்றே பார்க்க வேண்டும். தாய்வான் 2004 முதல் எல்லாச் சிசுக்களின் பெற்றோருக்கும் மல நிற அட்டை வழங்கி, நோயை முன்கூட்டியே கண்டறிவதில் பெரும் முன்னேற்றம் கண்டது. இப்படி முன்கூட்டியே கண்டறிய உபதுறை நிபுணர் தேவையில்லை. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும் ஆதார வைத்தியசாலையின் இளம் மருத்துவரும் பயிற்றப்பட்டிருந்தால் போதும்.

உட்காட்டிப் (எண்டோஸ்கோப்பி) பரிசோதனையின் நிலை வேறு. 10 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 6 மில்லிமீற்றருக்கும் மெல்லிய குழாய் விரும்பத்தக்கது. பெரியவர்களுக்கான வழமையான குழாய் அதைவிடத் தடித்தது. பொத்தான் பற்றரி ஒன்று உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே திசு வேகத் தொடங்கிவிடும். அதை உடனே உட்காட்டியால் எடுக்க வேண்டும்; ஆனால் அத்தனை நேரத்தில் கொழும்புக்குப் போய்ச் சேர முடியாது.

அவசரமில்லாத நோய்களிலும் பயிற்சிக் குறை தெரிகிறது. இலங்கை ஆய்வாளர்களான ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோர் முன்னின்று 2012இல் வெளியிட்ட ஆய்வு, 10 முதல் 16 வயதுப் பாடசாலைப் பிள்ளைகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கு மலச்சிக்கல் இருப்பதைக் காட்டியது. போர் பாதித்த பகுதிகளில் அது கூடுதல். போரும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட வாவிக் கரைகளுக்கு இந்தத் தகவல் நேரடியாகப் பொருந்தும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி எனும் நீரேற்றத் தூளைக் கரைத்துக் கொடுக்க ஊருக்கே தெரியும். ஆனால் மாதக்கணக்கான வயிற்றுவலியைப் பொறுமையாகக் கேட்டு, தேவையற்ற ஸ்கானையும் பூச்சி மருந்தையும் தவிர்த்துச் சிகிச்சை செய்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் உபதுறை நிபுணர் என்பது விரைவில் நடக்கக்கூடியதல்ல. நடக்கக்கூடியது, பட்டப்பின் பயிற்சியின் சில மாதங்களை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் கட்டாயமாக்குவதும், கொழும்பு நிபுணர்கள் முறைவைத்து இங்கே கிளினிக் நடத்துவதும், குழந்தைகளுக்கான உட்காட்டிக் கருவியோடு அதைக் கையாளப் பழகிய ஒரு குழுவை இங்கே நிரந்தரமாக வைப்பதும்தான். இவற்றைச் சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகமும் இனியும் தள்ளிப்போடக் கூடாது.