பழைய பிக்கப்புக்கு வேறு எஞ்சின்: எக்ஸோஸ் ஹெடரை முறையாகப் பொருத்துவது எப்படி?

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையிலும், குளுவாங், சிகாமட், கூலாய் பட்டணங்களின் சந்தை ஓரத்திலும் பழைய டட்சன், டோயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புகளை இன்றும் காணலாம். ஹைலக்ஸ் முதன்முதலில் வெளிவந்தது 1968-இல். டட்சன் 620 வந்தது 1972-இல். அப்பா காய்கறி ஏற்றிய வண்டி, தாத்தா தோட்டத்தை விட்டு வெளியேறியபோது சாமான் ஏற்றி வந்த வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். விற்க மனம் வராது. ஆனால் எஞ்சின் தேய்ந்திருக்கும், உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்காது.

அப்போது பலர் போகும் இடம் ஹாஃப்-கட் கடை. ஜப்பானில் ஓடிய கார்களின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்து விற்கும் கடைகள் இவை. நல்ல நிலையில் ஓர் எஞ்சின் கிடைத்துவிடும். பட்டறையில் அதை வண்டிக்குள் இறக்கியும் விடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, எக்ஸோஸ் குழாய்க்கு மட்டும் இடமில்லை.

கடையில் விற்கும் ஹெடர், ஒரு குறிப்பிட்ட எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வண்டிக்குள் இருக்கும்போது பொருந்துமாறு வளைக்கப்பட்டது. எஞ்சின் ஒன்று, வண்டி வேறு என்று ஆனபின் அந்த வளைவு பெரும்பாலும் உதவாது. ஆகவே எஞ்சின் மாற்றிய வண்டிக்கு ஹெடரை முதலில் வாங்கக்கூடாது. மற்ற எல்லாம் அதனதன் இடத்தில் நின்றபிறகு, மிஞ்சிய இடத்தைப் பார்த்துச் செய்யவேண்டும். இந்த வரிசை மாறினால் பணம் மட்டுமல்ல, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வண்டியில் இருப்பவர்களின் உயிரும் ஆபத்துக்கு உள்ளாகும்.

ஹெடர் என்ன செய்கிறது?

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த புகை வெளியேறும். அதை வாங்கிச் சேர்க்கும் வார்ப்பிரும்புப் பாகம் மெனிஃபோல்ட். அதற்குப் பதிலாக, சிலிண்டருக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக வளைத்து, கீழே ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஹெடர். நம் ஊர்ப் பட்டறைகளில் எக்ஸ்ட்ராக்டர் என்றும் சொல்வார்கள். ஒரு சிலிண்டரின் புகை வேகமாகப் போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறையும். அது அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடும். குழாயின் நீளமும் அகலமும் சரியாக இருந்தால்தான் இந்தப் பயன் கிடைக்கும்.

அசல் வார்ப்பிரும்பு மெனிஃபோல்ட் உங்கள் வண்டியில் இடிக்காமல் பொருந்தினால், அதையே வைத்துக்கொள்வதில் தவறில்லை. அது கனமானது, ஆனால் நீண்ட நாள் உழைக்கும், சத்தமும் குறைவு. ஹெடர் கட்டாயம் ஆவது, அது பொருந்தாதபோதுதான்.

முதலில் கிரான், பிறகு ஸ்பேனர்

எஞ்சின் மாற்றத்திற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். வாகனப் பரிசோதனை முடிந்து, புதிய எஞ்சினின் எண் வண்டியின் பதிவில் ஏறவேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீதையும் இறக்குமதி ஆவணங்களையும் கடைக்காரரிடம் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம். எஞ்சினின் கொள்ளளவு கூடினால் சாலை வரியும் மாறலாம்.

பதிவில் ஓர் எண், வண்டியில் வேறோர் எண் என்றால் சாலைத் தடுப்பில் சம்மன் மட்டும் பிரச்சினை இல்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே வழியாகிவிடும். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்துமூலம் தெரிவிப்பது நல்லது.

சத்தத்திற்கும் சட்டம் உண்டு. சைலன்சர் இல்லாமல் ஓட்டக்கூடாது. வாகன இரைச்சலுக்கென்று சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1987-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. ஹெடர் போட்டாலும் சைலன்சர் இருக்கவேண்டும்.

புகை எந்தப் பக்கம் வெளிவருகிறது?

நம் நாட்டில் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஸ்டீயரிங் தண்டு, ஸ்டீயரிங் பாக்ஸ், பிரேக் மாஸ்டர் பம்ப், கிளட்ச் என எல்லாம் அந்தப் பக்கமே நெருக்கிக்கொண்டு இருக்கும். எஞ்சினின் புகைவாயும் வலப்பக்கம் அமைந்தால் ஹெடர் இவற்றோடு இடத்துக்குப் போட்டியிடும். நிசானின் எஸ்ஆர்20 எஞ்சினைப் பின்சக்கர வண்டியில் நீளவாக்கில் வைத்தால் புகைவாய் வலப்பக்கம்தான் வரும். பழைய டட்சனில் அதை இறக்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்சக்கர வண்டியில் குறுக்காக இருந்த எஞ்சினைத் திருப்பி நீளவாக்கில் வைத்தால் அசல் மெனிஃபோல்டின் வாய் எதிர்பாராத திசையை நோக்கி நிற்கும். எஞ்சின் வாங்கும்முன் வண்டியின் முன்னால் நின்று, எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

எந்தக் குழாய்?

நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இரண்டு முறைகள் உண்டு. நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் சேர்வது 4-1. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாவது 4-2-1. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இழுப்பைக் கூட்டுவது 4-1. நடுத்தர வேகத்தில் இழுவை தருவது 4-2-1. சாமான் ஏற்றி மேட்டில் ஏறும் பிக்கப்புக்கு 4-2-1 பொருத்தமானது.

இரண்டிரண்டாகச் சேர்க்கும்போது இணையைத் தப்பாகப் போடக்கூடாது. பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். அவற்றில் 1-ஐயும் 4-ஐயும் ஓர் இணையாகவும், 2-ஐயும் 3-ஐயும் மற்றோர் இணையாகவும் சேர்க்கவேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக 1-ஐயும் 2-ஐயும் சேர்த்தால் 4-2-1-இன் பயன் போய்விடும்.

பெரிய குழாய் போட்டால் சக்தி கூடும் என்பது தவறான எண்ணம். அளவுக்கு மீறினால் புகையின் வேகம் குறைந்து, கீழ் வேகத்தில் இழுவை போய்விடும். 1.6 முதல் 2.0 லிட்டர் எஞ்சினுக்கு வெளிவிட்டம் 38 முதல் 42 மில்லிமீட்டர் வரை உள்ள குழாய் வழக்கம்.

சாதா இரும்புக் குழாய் மலிவு, வெல்டிங் எளிது, ஆனால் துருப்பிடிக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் துருவைத் தாங்கும். சூட்டில் அதிகம் விரியும். வெப்பம் 500 டிகிரி உயர்ந்தால் ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் சுமார் 9 மில்லிமீட்டர் நீளும். சாதா இரும்பு 6 முதல் 7 மில்லிமீட்டர் நீளும். இந்த விரிவுக்கு இடம் கொடுக்காவிட்டால் வெல்டிங் வெடிக்கும். ஹெடருக்குக் கீழே பின்னல் போட்ட நெகிழ்குழாய் ஒன்றைச் சேர்ப்பதும், சைலன்சரை ரப்பர் கொக்கியில் தொங்கவிடுவதும் இதற்காகத்தான்.

வீட்டில் மிஞ்சிய துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை எடுத்து வளைக்காதீர்கள். அதை வெல்டிங் செய்யும்போது வரும் புகை, வெல்டருக்குக் காய்ச்சலையும் நெஞ்சு இறுக்கத்தையும் உண்டாக்கும்.

வேலை நடக்கவேண்டிய வரிசை

1. எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்களைப் புதிதாகப் போட்டு இறுக்குங்கள். பழைய ரப்பரில் அளவெடுத்தால், பிறகு மாற்றும்போது எஞ்சினின் உயரம் மாறி ஹெடர் இடிக்கும்.

2. ரேடியேட்டர், ஸ்டீயரிங், பிரேக் பம்ப், ஸ்டார்ட்டர், கிளட்ச் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்கட்டும்.

3. எஞ்சின் தலையில் பொருந்தும் ஃபிளாஞ்சை 8 முதல் 10 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டுங்கள். மெல்லிய தகடு சூட்டில் வளைந்து கசியும்.

4. குழாய்களைத் துண்டு துண்டாக வைத்து, புள்ளி வெல்டிங் மட்டும் போடுங்கள். வண்டியின்மேல் வெல்டிங் செய்யும்முன் பேட்டரியைக் கழற்றி, எஞ்சின் கணினியின் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். பெட்ரோல் குழாய் அருகில் இருந்தால் மூடுங்கள். தீயணைப்புக் கருவி கையருகே இருக்கட்டும்.

5. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எஞ்சினை ஜாக்கால் இரு பக்கமும் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஓடும்போது எஞ்சின் இப்படித்தான் அசையும். சேசிஸிலிருந்து குறைந்தது ஒரு விரல் அகல இடைவெளி வேண்டும்.

6. ஸ்பார்க் பிளக், ஆயில் ஃபில்டர், ஸ்டார்ட்டர் மூன்றையும் ஹெடர் இருக்கும்போதே கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு சர்வீசுக்கும் ஹெடரை இறக்க வேண்டியிருக்கும்.

7. பிறகு கழற்றி, ஃபிளாஞ்சைக் கனமான தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, ஆர்கன் வெல்டிங்கில் முழுதாக ஒட்டுங்கள். ஆறியபின் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து ஃபிளாஞ்ச் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

8. புதிய கேஸ்கெட் போட்டு, நடு நட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக இறுக்குங்கள். சில தடவை ஓட்டி, முழுதாக ஆறிய பிறகு மறுபடியும் இறுக்குங்கள். அலுமினிய எஞ்சின் தலையாக இருந்தால் அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும்.

எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் ஆக்சிஜன் சென்சருக்கும் இடம் வேண்டும். குழாய்கள் ஒன்றுசேரும் இடத்துக்குப் பின்னால், தண்ணீர் தேங்காதபடி மேல்நோக்கிச் சாய்வாக அது அமையவேண்டும். சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். கணினி பெட்ரோல் குறைவு என்று எண்ணி அதிகமாகப் பாய்ச்சும். எண்ணெய்ச் செலவு ஏறியதற்குக் காரணம் தெரியாமல் பலர் மற்ற பாகங்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டீயரிங்கும் பிரேக்கும்

இடம் போதவில்லை என்றால் வளைக்கவேண்டியது ஹெடரை. அதற்கு வழிவிட ஸ்டீயரிங் தண்டை வெட்டி ஒட்டுவதோ, சேசிஸைச் செதுக்குவதோ கூடாது. வெல்டிங் விட்டுப்போனால் ஓடும் வண்டி கைக்குள் நிற்காது.

பிரேக் குழாய் ஹெடருக்கு அருகில் போனால் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகும். டாட் 3 ரக பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்து பழசானால் அந்தத் தர அளவு 140 டிகிரிதான். எண்ணெய் கொதித்தால் குமிழி உண்டாகும், பிரேக் பெடல் தரைவரை இறங்கும். சாமான் ஏற்றி இறக்கத்தில் வரும் பிக்கப்பில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பிரேக் குழாயை விலக்கி அமைத்து, இடையில் வெப்பத் தடுப்புத் தகடும் போடுங்கள். பிரேக் எண்ணெயையும் புதிதாக மாற்றுங்கள்.

ஹெடரைச் சுற்றித் துணிப்பட்டை கட்டுவதும் உண்டு. அது வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் மழைநீரைப் பிடித்துவைத்துச் சாதா இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழையில் நனையும் ஜொகூர் வண்டிகளுக்குத் தகடே மேல். தோட்டத்தில் ஓட்டுபவர்கள், காய்ந்த செம்பனை மட்டையும் புல்லும் அடியில் சிக்கியிருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்க்கவேண்டும். சூடான குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். வண்டியைக் காய்ந்த புல்லின்மேல் நிறுத்தவும் கூடாது.

கேபினுக்குள் புகை வந்தால்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. எக்ஸோஸ் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கி, தூக்கம் வருவதுபோல் உயிரையே எடுத்துவிடும்.

பழைய பிக்கப்பின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். எஞ்சின் மாற்றும்போது ஒயர் நுழைக்கக் கேபின் சுவரில் புது ஓட்டையும் போட்டிருப்பார்கள். ஹெடர் கசிந்தால் புகை நேராக உள்ளே வரும். ஓட்டைகளை எல்லாம் ரப்பர் வளையமோ தகடோ போட்டு அடையுங்கள். புகைக்குழாயின் முனை கேபினுக்கு அடியில் முடியாமல், சாமான் பெட்டியைத் தாண்டி வெளியே நீளவேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது புகைக்குழாயின் முனைவழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு இருக்கிறது. வண்டியில் போகும்போது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிவிடுங்கள்.

போர்மேனிடம் கேட்கவேண்டியவை

வேலையை ஒப்படைக்கும்முன் போர்மேனிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஜேபிஜே அனுமதி எந்த நிலையில் இருக்கிறது? மவுண்ட் புதிதா? ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிப் பார்த்தீர்களா? பிரேக் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கசிவுச் சோதனையை என் கண்முன் செய்வீர்களா? நல்ல போர்மேன் இவற்றுக்குக் கோபப்படமாட்டார். மழுப்பினால் வேறு பட்டறையைத் தேடுங்கள்.

தாத்தாவின் வண்டி இன்னும் பத்து வருடம் ஓடவேண்டும் என்றுதானே எஞ்சினை மாற்றுகிறோம். அதில் ஏறுபவர்கள் நம் பிள்ளைகள். ஹெடருக்கென்று இன்னும் இரண்டு நாள் பட்டறையில் நின்றால் நிற்கட்டும்.