ஒரே ஸ்கேனர் எல்லா காருக்கும் செட் ஆகுமா? 'செக் இன்ஜின்' லைட் எரிந்தால் என்ன செய்யணும்?

டேஷ்போர்டில் மஞ்சள் நிற 'செக் இன்ஜின்' லைட் எரிகிறது. செல்போனுடன் இணையும் சின்ன ஓபிடி ஸ்கேனரைச் செருகினால் கோளாறு தெரிந்துவிடும் என்கிறார்கள். மாருதி, ஹூண்டாய், டாடா, டொயோட்டா என எல்லா காருக்கும் இது ஒன்றே போதுமா?

ஓபிடி என்றால் என்ன?

புகை மாசை அதிகமாக்கும் கோளாறுகளை காரே கண்டுபிடித்துப் பதிவு செய்யும் வசதிதான் ஓபிடி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்து ஓபிடி-2 கட்டாயமானது. சென்னை உள்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் பிஎஸ்-4 விதி வந்தது. 2013 ஏப்ரல் முதல் இங்கும் ஓபிடி-2 கட்டாயம். இதற்கான 16 பின் சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். அதைவிடப் பழைய காரில் பொது ஸ்கேனர் வேலை செய்யாமல் போகலாம்.

எதைப் படிக்கும், எதைப் படிக்காது?

'பி0' என்று தொடங்கும் கோடுகளுக்கு எல்லா நிறுவன கார்களிலும் ஒரே அர்த்தம்தான். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஆனால் 'பி1' கோடுகள் அந்தந்த நிறுவனம் வைத்தவை. ஒரே எண்ணுக்கு இரண்டு நிறுவனங்களில் வேறு வேறு அர்த்தம் இருக்கலாம். ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளை மலிவான பொது ஸ்கேனர்கள் பெரும்பாலும் படிக்காது. அதற்கு அந்த நிறுவனத்தின் கருவியோ, பல நிறுவன கார்களுக்குமான விலை கூடிய ஸ்கேனரோ வேண்டும்.

கோடு வந்தால் பார்ட்டை மாற்றணுமா?

இங்கேதான் பலரது பணம் வீணாகிறது. பி0171 என்றால் இன்ஜினுக்கு காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மட்டுமே பொருள். வேக்குவம் ஹோஸ் விரிசல், அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார், ஃபியூல் பம்ப் என காரணம் எதுவாகவும் இருக்கலாம். கோபாலபுரத்தில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகள் பக்கம்தான். ஆனால் கோடை மட்டும் பார்த்து புது ஆக்சிஜன் சென்சார் வாங்கி மாட்டினால், ஹோஸ் விரிசல் அப்படியே இருக்கும், லைட்டும் திரும்ப எரியும். மெக்கானிக்கிடம், "எந்த டெஸ்ட் பண்ணி இந்த பார்ட்தான்னு முடிவு பண்ணீங்க?" என்று கேளுங்கள்.

பழைய கார் வாங்குகிறீர்களா?

விற்பதற்கு முன் கோடை அழித்தால் லைட் அணைந்துவிடும், கோளாறு போகாது. ஸ்கேனரில் 'ரெடினஸ் மானிட்டர்' பகுதியைப் பாருங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், சமீபத்தில் கோடு அழிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடியும் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதே நல்லது.

கவனிக்க: லைட் விட்டுவிட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஃபயராக இருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடும். வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டி மெக்கானிக்கை அழையுங்கள்.