கொள்ளையனின் குரலும் திரையின் கண்ணும்

ஒரு கதை ஏட்டில் இருக்கும்வரை அதனைப் பொறுத்துக்கொண்ட அரசு, அது திரைக்கு வந்ததும் அஞ்சித் தடை விதித்தது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற கொள்ளையர் புதினமாகிய 'ராபரி அண்டர் ஆர்ம்ஸ்' கண்ட அனுபவம் இது. 'ஆயுதமேந்திய கொள்ளை' என்பது அத்தலைப்பின் பொருள். ஒரு புதினம் படமாகும்போது எது திரைக்கு வந்து சேர்கிறது, எது வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதை அறிய இதன் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

நூலும் ஆசிரியரும்

ரால்ஃப் போல்டர்வுட் என்னும் புனைபெயரில் இதனை இயற்றியவர் தாமஸ் அலெக்சாண்டர் பிரவுன் (1826–1915). லண்டனில் பிறந்து, சிறுவயதிலேயே ஆஸ்திரேலியாவில் குடியேறிய அவர், கால்நடைப் பண்ணை நடத்தி வறட்சியால் நொடித்துப் போனார். பின்னர் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் தங்க வயல்களின் ஆணையராகவும் குற்றவியல் நடுவராகவும் அரசுப் பணி புரிந்தார். கொள்ளையரைத் தண்டிக்கும் இருக்கையில் அமர்ந்தவரே கொள்ளையனின் கதையை எழுதினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1882–83-இல் 'சிட்னி மெயில்' என்னும் வார இதழில் தொடராக வந்த இக்கதை, 1888-இல் நூல் வடிவம் பெற்றது.

தூக்குத் தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருக்கும் டிக் மார்ஸ்டன் என்னும் இளைஞன், தன் வாழ்வைத் தானே சொல்வதாக நூல் தொடங்குகிறது. அவன் தந்தை, இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட முன்னாள் கைதி. தந்தை காட்டிய வழியில் டிக்கும் தம்பி ஜிம்மும் மாடு திருடப் பழகுகின்றனர். பின்பு, நற்குடிப் பிறப்பும் நயத்தக்க பேச்சும் உடைய 'கேப்டன் ஸ்டார்லைட்' என்னும் கொள்ளைத் தலைவனோடு சேர்கின்றனர். ஏறத்தாழ ஆயிரம் மாடுகளைத் திருடி, நெடுந்தொலைவு ஓட்டிச் சென்று அடிலெய்டில் விற்கும் பகுதி நூலின் சிகரம் எனலாம்.

இது வெறுங்கற்பனையன்று. 1870-இல் ஹாரி ரெட்ஃபோர்டு என்பவன் குவீன்ஸ்லாந்தின் போவன் டவுன்ஸ் பண்ணையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மாடுகளைக் கவர்ந்து, வறண்ட நிலத்தின் வழியே தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிச் சென்றான். 1873-இல் ரோமா நகரில் வழக்கு நடந்தபோது ஜூரிகள் அவனைக் குற்றமற்றவன் என விடுவித்தனர். அச்செயலைச் சாதனையாக மக்கள் வியந்த மனநிலை இதனால் புலனாகும்.

பேசாப் படங்களும் தடையும்

1906-இல் மெல்போர்னில் வெளியான 'தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி கேங்', உலகின் முதல் முழுநீளக் கதைப்படமாகப் போற்றப்படுகிறது. அதுவும் கொள்ளையர் கதையே. அதன் வெற்றியைத் தொடர்ந்து, 1907-இல் சார்லஸ் மக்மேஹன் போல்டர்வுட்டின் புதினத்தைப் படமாக்கினார். 1911-இல் ஆல்ஃபிரட் ரோல்ஃப் இயக்கிய படம், இப்புதினத்தின் மேடை நாடகத்தைத் தழுவியது. அதன் பெயரே 'கேப்டன் ஸ்டார்லைட்'. ஸ்டார்லைட்டாக நடித்தவரும் ரோல்ஃபே.

இங்கே ஒரு மாற்றம் நேர்ந்ததை நோக்க வேண்டும். நூல் டிக்கினுடையது. ஒவ்வொரு துணிகரச் செயலையும் சொல்லும்போதே, 'இதனால் என் தாயும் தங்கையும் பட்ட துயரம் என்ன?' என்று அவன் மனம் வருந்துகிறது. குதிரைப் பாய்ச்சலுக்கும் துப்பாக்கி ஒலிக்கும் அடியில் அந்த வருத்தம் ஓயாமல் ஒலிக்கிறது. பேசாப் படத்தில் இந்தக் குரலுக்கு இடம் ஏது? குதிரையைக் காட்டலாம், துப்பாக்கியைக் காட்டலாம், நெஞ்சின் உறுத்தலை எங்ஙனம் காட்டுவது? கழிவிரக்கம் உதிர்ந்துபோக, வீரச்செயல் மட்டுமே திரையில் நின்றது.

இத்தகைய படங்கள் காவலரை ஏளனம் செய்கின்றன, இளைஞரைக் கெடுக்கின்றன என்று அதிகாரிகள் கருதினர். 1912-இல் நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை கொள்ளையர் படங்களுக்குத் தடை விதித்தது. நூலோ கடைகளில் தடையின்றி விற்றது. அரசின் அச்சம் முற்றிலும் நியாயமானதன்று. ஆயினும் முற்றிலும் பொருளற்றதும் அன்று. கதையிலேயே அமைந்திருந்த காவல், டிக்கின் குரல். அது நீங்கிய இடத்தில் சட்டம் காவலுக்கு வந்து நின்றது.

தடை இருந்தும் 1920-இல் கென்னத் பிராம்ப்டன் தாமே ஸ்டார்லைட்டாக நடித்து, இக்கதையை மீண்டும் படமாக்கினார். அதுவும் பேசாப் படமே. 1930-களில் பேசும்படம் வந்து, டிக் வாய்திறக்க வழி பிறந்தது. புகழ்பெற்ற இயக்குநர் கென் ஹால் இக்கதையைப் படமாக்க விரும்பினார். ஆனால் தடையின் நிழல் நீங்காததால் அம்முயற்சி கைகூடவில்லை.

பிற்காலப் படங்கள்

1957-இல் ஆங்கிலேய இயக்குநர் ஜாக் லீயின் வண்ணப்படம் வெளிவந்தது. 1985-இல் டொனால்டு கிராம்பியும் கென் ஹன்னமும் இக்கதையைத் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் ஒருங்கே உருவாக்கினர். இவற்றிலும் முதன்மை நடிகர்களான பீட்டர் ஃபின்ச், சாம் நீல் ஆகியோர் ஏற்ற வேடம் ஸ்டார்லைட்டே. கதை சொல்லும் ஏழை மகன் ஒதுங்க, கனவான் கொள்ளையனே சுவரொட்டியில் முன்னின்றான்.

எனினும், ஏட்டில் உள்ளதெல்லாம் பொன் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்டார்லைட்டின் உயிர்த்துணையாகிய வாரிகல், ஆஸ்திரேலியப் பழங்குடித் தாய்வழி வந்தவன். அவனை டிக் இகழ்ச்சியோடே பேசுகிறான். வெள்ளையர் குடியேற்றத்தின் பார்வைக் குறை அது. 1985-ஆம் ஆண்டுப் படைப்பில் பழங்குடி மரபினரான டாமி லூயிஸ் அவ்வேடத்தை ஏற்றார். டிக்கின் சொற்களுக்குள் அடைபட்டிருந்த ஒருவனுக்கு, திரை தனி முகம் தந்தது. ஏடு தராத ஒன்றைத் திரை தரவும் கூடும் என்பதற்கு இது சான்று.

பெருநகரங்களில் வாழும் நம் பிள்ளைகள், கதைகளை ஏட்டில் படிப்பதைவிடத் திரையில் காண்பதே மிகுதி. படம் பார்த்து வருபவரிடம், 'இக்கதையை நூலில் சொல்பவர் யார்? திரையில் அவர் எங்கே?' என்று பெற்றோர் ஒரு கேள்வி கேட்கலாம். விடை தேடும் பிள்ளை நூலைக் கையில் எடுக்கும். சிறைக்குள்ளிருந்து டிக் பேசத் தொடங்குவது அப்போதுதான் அதன் காதில் விழும்.