கரண்ட் போன இரண்டு டிசம்பர்கள்

சென்னை மக்களே, மழைக்காலத்துல "கரண்ட் எப்ப வரும்?"னு கேட்கிறோம். ஏன் போச்சுன்னும் கொஞ்சம் பார்ப்போம்.

1) 2015 டிசம்பர் 1. மழையும் செம்பரம்பாக்கம் உபரிநீரும் சேர்ந்து அடையாறு பெருகியது. கோட்டூர்புரம் வீடுகளுக்குள் வெள்ளம். தெருவோர மின்பெட்டி மூழ்கினால் தண்ணீரில் கால் வைத்தவருக்கே ஷாக் அடிக்கும். அதனால் பல இடங்களில் மின்சாரத்தை நிறுத்தியே வைத்தார்கள்.

2) 2016 டிசம்பர் 12. வர்தா புயல். இந்த முறை எதிரி காற்று. மரங்கள் சாய்ந்து கம்பிகளை அறுத்தன. மயிலாப்பூர், தி.நகர் மாதிரி மண்ணுக்கடியில் கேபிள் ஓடும் பகுதிகள் சீக்கிரம் மீண்டன. கம்பங்கள் சாய்ந்த புறநகரில் நாள்கணக்கில் இருட்டு.

3) அப்போது பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை. நெட் இல்லாததால் கார்டு மெஷினும் ஓடவில்லை. கடையில் மருந்து இருந்தாலும் வாங்குவது திண்டாட்டம்.

ஆக, புதைத்த கேபிள் காற்றுக்குத் தாங்கும். தாழ்வான மின்பெட்டி வெள்ளத்துக்குத் தாங்காது. இரண்டையும் சேர்த்தே சரிசெய்யணும்.

4) 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் இதே கதைதான். அதனால் நவம்பரிலேயே தயாராகுங்க. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் இருந்தால் மாற்று சிலிண்டர் கட்டாயம். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் இன்சுலினைத் தூக்கி எறியாதீங்க. மண்பானை நீரின் குளிர்ச்சியில், நனையாமல் வைங்க. ஒரு வார மாத்திரையும் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.