எந்த ஆண்டின் பாட்டு? எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல் கேசட்டுகளும் ஒரு காலக்கணிப்புச் சிக்கலும்

பீட்டர் மானுவலின் ‘கேசட் கல்ச்சர்’ (1993) நூலைத் தொடாமல் இந்திய ஒலிப்பதிவு வரலாற்றை எழுத முடியாது. மலிவான கேசட் வந்ததும் எச்.எம்.வி. என்று நாம் அறிந்த கிராமபோன் கம்பெனியின் ஏகபோகம் உடைந்தது, சிறு தயாரிப்பாளர்கள் பெருகினர், சினிமாவுக்கு வெளியே வட்டாரப் பாட்டும் பக்திப் பாட்டும் தழைத்தன என்பது அவர் வாதம். 1980களின் நடுவிலேயே சந்தையில் 95 சதவீதம் கேசட்தான் என்கிறார். நூலின் துணைத் தலைப்பிலேயே வட இந்தியா என்று எல்லை கட்டியவர் அவர். அந்த எல்லைக்குள் வாதம் நிற்கிறது. தமிழ்நாட்டுக்கு அப்படியே நீட்டினால் இடறுகிறது.

இடறும் இடம் எல்.ஆர். ஈஸ்வரி. ‘பாசமலர்’ (1961), ‘பணமா பாசமா’ (1968), ‘சிவந்த மண்’ (1969) எனத் திரையில் துள்ளலுக்கும் குறும்புக்கும் பேர்போன குரல் அது. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவர் பாடிய மாரியம்மன் பாட்டுகள் எச்.எம்.வி. இசைத்தட்டுகளாகவே முதலில் பரவின. கேசட் காலத்தில் அவை ‘அம்மன் பாடல்கள்’ என்று தொகுக்கப்பட்டு மீண்டும் விற்றன. மானுவலின் சித்திரத்தில் பக்திப் பாட்டின் எழுச்சி புதிதாக வந்தவர்களின் வெற்றி. இங்கே சரக்கு பழைய முதலாளியின் கிடங்கிலிருந்து வந்தது. ஸ்டூடியோ வாடகை இல்லை, வாத்தியக்காரர் சம்பளம் இல்லை, பெயர் எடுத்த பாட்டு கையில் இருந்தது. டி-சீரிஸ் போன்ற புதியவர்களிடம் அப்படியொரு கிடங்கு இல்லாததால்தான் பழைய பாட்டை வேறு குரலில் பாடவைத்து விற்கும் வழிக்குப் போனார்கள்.

வாங்கியவர் யார் என்பதும் முக்கியம். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் புதுவாயலில் இறங்கி ஆரணி வழியே மேற்கே போனால் பெரியபாளையம் பவானியம்மன் கோயில். ஆடி பிறந்தால் வேப்பிலை ஆடை உடுத்தி வேண்டுதல் செலுத்தக் கூட்டம் குவியும் தலம். இத்தகைய திருவிழாக்களில் பாட்டைத் தேர்ந்தவர் மைக் செட்காரர். இ.பி. தட்டில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு, ஏழு நிமிடம் ஆனதும் திருப்பிப் போட ஆள் வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் நான்கு தட்டுகளின் பாட்டு அடங்கும், ஒரு பக்கம் அரைமணி நேரம் ஓடும். தமிழ்க் கிராமத்தில் கேசட் ஒலிபரப்புவதே ஒரு வழிபாட்டு நிகழ்வாவதை பால் கிரீன் 1999-இல் எழுதினார். அந்தக் கண்ணோட்டம் இந்தத் தொகுப்புகளுக்கு மானுவலைவிட நெருக்கமானது. செட்காரருக்குத் தேவை புதுமையல்ல, கூட்டம் ஏற்கெனவே அறிந்த குரல்.

இந்த வாதத்தின் பலவீனம் காலக்கணிப்பில் இருக்கிறது. கேசட் உறையின் அட்டைதான் இங்கே கல்வெட்டு. 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 52அ பிரிவு, தயாரித்தவர் பெயர் முகவரி, உரிமையாளர் பெயர் முகவரி, முதல் வெளியீட்டு ஆண்டு ஆகிய மூன்றும் பதிவிலும் உறையிலும் இருக்க வேண்டும் என்றது. தனித் தட்டுக்கு இது நேரானது. வெவ்வேறு ஆண்டுப் பாட்டுகள் சேர்ந்த தொகுப்பில் ஒரே ஓர் ஆண்டு அச்சாகியிருந்தால், அது பாட்டின் ஆண்டா, தொகுப்பின் ஆண்டா? ஆண்டே இல்லாத அட்டை இன்னும் சிக்கல். அது 1984-க்கு முந்தியதாக இருக்கலாம், அல்லது சட்டத்தைப் பொருட்படுத்தாத பிந்தைய அச்சாகவும் இருக்கலாம்.

இது வெறும் நூலகப் பட்டியல் தகராறு அல்ல. ஒலிப்பதிவின் உரிமை முதல் வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு. 1968-இல் வெளியான பதிவின் உரிமை 2028 முடிவில் தீரும். அதே பதிவு ஏறிய கேசட்டின் அட்டையில் 1985 என்றிருந்து, அதை முதல் வெளியீடாக எடுத்துக்கொண்டால் 2045 வரை நீளும்.

ஆகவே இத்தொகுப்புகளை அட்டை ஆண்டை மட்டும் நம்பி வரிசைப்படுத்த முடியாது. மூல இசைத்தட்டின் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே எதையும் சொல்லலாம். அதுவரை, பழைய கிடங்கு கேசட் காலத்திலும் தமிழ்ப் பக்திச் சந்தையைத் தாங்கியது என்பதை உறுதியாகவும், எந்த ஆண்டு முதல் என்பதைத் தற்காலிகமாகவும் கொள்வதே முறை. கிராமபோன் கம்பெனி 2000-இல் சரிகம என்று பெயர் மாறி, 2017-இல் 5000 பழைய பாட்டுகளைக் கார்வான் பெட்டியில் ஏற்றி விற்றபோதும் மூலதனம் அதே கிடங்குதான்.