வந்து போன வலிக்கு யார் சாட்சி?

பூசலார் கதை பலருக்கும் தெரிந்ததுதான். திருநின்றவூரில் கையில் காசில்லாத ஒருவர் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கோயில் கட்டி முடிக்கிறார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய காடவர்கோன், கனவில் சிவன் சொன்னதைக் கேட்டு இங்கே வந்து தேடுகிறான். ஊரில் கோயிலே இல்லை. ஆனாலும் பூசலார் சொன்னதை நம்பிக் கும்பிட்டுவிட்டுப் போகிறான்.

தலைவலிக்காரர்களுக்கு அப்படி ஒரு அரசன் சுலபத்தில் கிடைப்பதில்லை. சில தலைவலிகளோடு ஒரு கை மரத்துப்போகும், பேச்சு குழறும், பார்வையில் பாதி காணாமல் போகும். டாக்டர் முன்னால் உட்காரும்போது எல்லாம் சரியாகியிருக்கும். டெஸ்ட் பண்ணும்போது மட்டும் வராத பக் மாதிரி. "டென்ஷனா இருக்கும், தூங்குங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

1870இல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் கண்ணுக்குள் கோட்டைச் சுவர் போல வளைந்து வளைந்து பரவிய கோட்டை வரைந்து வெளியிட்டார். 1941இல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி, தன் பார்வையில் ஊர்ந்த அதே மாதிரிக் கோட்டைக் கணக்குப் போட்டார். மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்றார். 1944இல் பிரேசில்காரரான லியோ, முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும் அலையைக் கண்டார். இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது.

1981இல் அமெரிக்காவில் பார்ட்லசன் குழு இன்னொரு வகையைப் பதிவு செய்தது. பார்க்க மைக்ரேன் மாதிரிதான். ஆனால் முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. 1995இல் அதற்கு 'ஹேண்டில்' என்ற சுருக்கப் பெயர் வந்தது. 1997இல் ஸ்பெயினிலிருந்து 50 பேரின் விவரம் வெளியானது. திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும்.

நம் ஊரில் சிக்கல் இங்கேதான். திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், எதிரே ஜி.எச். டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய ஆஸ்பத்திரி. அங்கே தண்டுவட நீரில் லிம்போசைட் கூடியிருந்தால் முதல் சந்தேகம் மூளைக்காய்ச்சலாக வரும் காசநோய் மேல்தான் விழும். விழவும் வேண்டும். அதற்கு மருந்து தாமதமானால் உயிரே போகலாம். அந்த நீரில் சர்க்கரை குறைந்திருக்கிறதா, கிருமி ஏதும் தெரிகிறதா, ஸ்கேன் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகே ஹேண்டில் என்று சொல்ல முடியும்.

அதனால் வீட்டில் ஒருவருக்குப் பேச்சு குழறினால், சரியாகட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள். பக்கவாதமும் இப்படித்தான் ஆரம்பிக்கும். வழியிலேயே சரியாகிவிட்டாலும் திரும்பிவிட வேண்டாம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எந்தக் கை, எவ்வளவு நேரம் என்று பார்த்தவர் சொல்லியாக வேண்டும். வந்து போன வலிக்கு அவர்தான் சாட்சி.