குப்பையைப் பிரிக்கும் கை

ஜப்பானில் வேலையில் இருக்கும் கல்லூரி நண்பன் சென்ற வாரம் போனில் பேசினான். தர்மபுரி பக்கம் வசதியான குடும்பம். ஊரில் இருந்தவரை வீட்டுக் குப்பைக் கூடையைத் தொட்டதே இல்லை. அங்கே போன முதல் மாதம், அவன் கட்டி வைத்த பையில் எல்லாம் கலந்து கிடந்ததால் ஒரு சீட்டை ஒட்டி அப்படியே விட்டுப் போய்விட்டார்களாம். இப்போது பாட்டிலைக் கழுவி, மூடியைத் தனியே எடுத்து, அதற்கான கிழமையில் கொண்டுபோய் வைக்கிறான். "நம்ம ஜனங்களுக்கு இந்த ஒழுக்கமெல்லாம் வராது" என்றான்.

ஒழுக்கமா? வரலாறு வேறு சொல்கிறது.

1971 செப்டம்பரில் டோக்கியோ ஆளுநர் மினோபே 'குப்பைப் போர்' என்று அறிவித்தார். நகரத்தின் குப்பையில் பெரும்பகுதி கோட்டோ பகுதிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்றமும் ஈயும் அவர்களுக்கு. எரி உலை எங்கள் பக்கம் வேண்டாம் என்று சுகினாமி பகுதியினர் எதிர்த்தபோது, அந்தப் பகுதியின் குப்பை லாரிகளைக் கோட்டோ மக்கள் மறித்தார்கள். 1975இல் நுமாசு நகரம் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. மக்களிடம் போய் அதை விளக்கியவர்களில் குப்பை அள்ளும் பணியாளர்களும் இருந்தார்கள். ஆக, அந்த ஒழுக்கம் யாருக்கும் பிறப்பில் வரவில்லை. மறியலிலும் பேச்சுவார்த்தையிலும் வந்தது.

ஜப்பானை நான் புனிதமாக்கவில்லை. தோல், இறைச்சி, பிண வேலைகளின் பெயரால் புராகு மக்களை ஒதுக்கி வைத்த நாடு அது. 1871இல் அரசாணை அந்த இழிநிலையை ஒழித்தது. ஆனாலும் 1922இல் அவர்கள் தங்களுக்கென்று 'சுயிஹெய்ஷா' இயக்கம் கட்ட வேண்டியிருந்தது.

இங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றம் போனார். 2000இல் விதிகள் வந்தன. 2016 விதிகள், ஒவ்வொரு வீடும் மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. நாப்கினையும் டயப்பரையும் சுற்றித் தர வேண்டும் என்றன. மீறினால் அபராதமும் உண்டு.

என் சின்னம்மா தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் தூய்மைக் காவலர். சோறு, நாப்கின், உடைந்த டியூப்லைட் எல்லாம் ஒரே வாளியில் வரும். பிரிப்பது அவர் கை. ஒருநாள், "பிரிச்சுக் குடுங்கம்மா" என்று ஒரு வீட்டு வாளியை எடுக்காமல் நகர்ந்துவிட்டார். மதியத்துக்குள் புகார் போனது. "அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்" என்று கேட்டார்கள். மறுநாள் அதே வாளியை அவரே எடுத்தார்.

இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான். கலந்த பையை விட்டுப்போக அங்குள்ள பணியாளருக்கு அதிகாரம் இருக்கிறது. சின்னம்மாவுக்கு இல்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதினார். ஆட்களை முதலிலேயே பிரித்து வைத்த ஊருக்கு, குப்பையைப் பிரிக்கும் தேவையே வரவில்லை. தோட்டி என்றார்கள், துப்புரவுப் பணியாளர் என்றார்கள், 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் இரண்டு முறை மாறியது. வேலைக்கு வருகிற தெரு மாறவில்லை.

எனவே கையுறையும் பாராட்டு விழாவும் மட்டும் போதாது தோழர்களே. பிரிக்காத குப்பையை எடுக்க மறுத்தவர் மீது நடவடிக்கை கிடையாது, அபராதம் அந்த வீட்டுக்குத்தான் என்று ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபையில் தீர்மானம் போடட்டும். அடுத்த கிராம சபையில் நாம் கேட்போம்.

நண்பன் பொங்கலுக்கு ஊர் வருகிறான். ஜப்பானில் செய்வதைத் தன் வீட்டு வாசலிலும் செய்வானா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.